ஓசூர் டூல் ரூம்காரன் வாயில் ஒரு ஜிர்கோனியா கேப்

கிருஷ்ணகிரி பெங்களூர் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் பல் கிளினிக்கைப் பற்றிய விமர்சனம் இது. பெயர் போடவில்லை. உள்ளூர்க்காரர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பெயரைவிட அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் பயன்படும். ரூட் கேனால் செய்து, ஸ்கேன் எடுத்து, ஜிர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வகையில் கேப் போட்டுக்கொண்டேன். கொடுத்த காசுக்கு வேலை சுத்தம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். மீதி ஒன்று எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மற்றது புரியும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில், அச்சுகளையும் கருவிகளையும் கடைந்து செய்கிற டூல் ரூமில் வேலை. டை, ஜிக், ஃபிக்ஸ்சர் என்று மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரானோடு மல்லுக்கட்டித்தான் எனக்குச் சோறு. கிளினிக் வாசலில் 'முழுவதும் டிஜிட்டல்' என்ற போர்டைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. இந்தக் காலத்தில் எந்தக் கடைக்காரர்தான் தன்னை டிஜிட்டல் என்று சொல்லிக்கொள்ளவில்லை? ஆனால் டாக்டர், "ஸ்கேன் பண்ணி, கேட்ல டிசைன் போட்டு, அஞ்சு ஆக்சிஸ் மெஷின்ல மில்லிங் பண்ணி வாங்கறோம் சார்" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் வரைந்து, ஐந்து அச்சில் அசைகிற மெஷினில் கடைந்தெடுப்பதெல்லாம் நாம் தினமும் புழங்குகிற சமாச்சாரம் ஆயிற்றே.

பல் எது என்றால், மேல் வரிசை, வலது பக்கம், கோரைப்பல்லுக்கு அடுத்தது. பல் டாக்டர்கள் கணக்கில் அது 14. பதினான்கு என்று படிக்கக் கூடாதாம், ஒன்று, நாலு. வாயை நாலு பாகமாகப் பிரித்து, முதல் பாகத்தில் நடுவிலிருந்து நாலாவது பல். டிராயிங்கில் பார்ட் நம்பர் பார்த்தே பழகியவனுக்கு இது பிடித்துப்போனது. பழைய அடைப்பு உடைந்து, உள்ளே சொத்தை இறங்கி, ராத்திரி படுத்தால் விண் விண் என்று தெறிக்கிற நிலைக்கு வந்திருந்தது. சிரித்தால் வெளியே தெரிகிற பல் வேறு.

நிறம்தான் இதில் பெரிய சிக்கல். நான் பாப்பாரப்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். போர் தண்ணீர் குடித்த தலைமுறை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில், தாடைக்குள் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போது தொடர்ந்து குடித்தால் எனாமல் ஒழுங்காக இறுகாது. பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டுகளோடு வரும், போகப் போக அதில் பழுப்பு ஏறும். ஜப்பான் கடனுதவியில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் ஓட ஆரம்பித்தது. அதன் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடால் வரும் இந்தப் பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அது எங்கள் பிள்ளைகளுக்கு. முளைத்து முடிந்த பல்லுக்குக் காவிரித் தண்ணீரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆக, என் வாயில் ஒரு புதுப் பல்லை வைத்தால் அது பளிச்சென்று தனியாகத் தெரியக் கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிட்டேன். "அதை நான் மறக்க மாட்டேன் சார், இந்த ஊர்ல எனக்குப் பாதி வேலையே அதுதான்" என்றார் டாக்டர்.

முதலில் எக்ஸ்ரே. முன்பெல்லாம் சின்ன ஃபிலிமை வாய்க்குள் வைத்துப் படம் எடுத்து, கெமிக்கலில் முக்கி, ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே ஃபிலிமுக்குப் பதிலாக ஒயர் கோத்த ஒரு சென்சார். ஆர்.வி.ஜி. என்கிறார்கள். 1987இல் பிரான்ஸ்காரர்கள் கொண்டுவந்த முறை. ஃபிலிமைவிடக் குறைந்த கதிர்வீச்சு போதும், படம் கண்ணெதிரே திரையில் வந்து நிற்கும். ஒரே தொல்லை, சென்சார் விறைப்பானது. அண்ணத்தில் நன்றாகக் குத்தும். டாக்டர் ஒரே பல்லை இரண்டு கோணத்தில் எடுத்தார். எதற்கு என்றால், மேல் வரிசை நாலாம் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர், ஒன்று கன்னத்துப் பக்கம், ஒன்று அண்ணத்துப் பக்கம். நேராக எடுத்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். டியூபைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டும் பிரிந்து தெரிகின்றன. ஒரே வியூவை வைத்துக்கொண்டு பீஸைக் கடையப் போகாதே என்று எங்கள் ஐ.டி.ஐ. மாஸ்டர் கத்துவார். அவருக்கு இந்த டாக்டரைப் பிடித்திருக்கும்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. படம் திரையில் வந்ததும் ஏஐ சாஃப்ட்வேர் ஒன்று தானாகவே சொத்தைகளைச் சுற்றிக் கட்டம் போட்டது. என் 14ஐச் சரியாகப் பிடித்தது. அதோடு நிற்காமல் பின்னாலிருக்கும் பல்லின் கழுத்திலும் ஒரு கட்டம். போச்சுடா, இன்னொரு பில்லா என்று நினைத்தேன். டாக்டர் கண்ணாடியையும் கூர்மையான கருவியையும் எடுத்து அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பல்லின் கழுத்துப் பகுதி மெலிந்திருப்பதால் கதிர் அங்கே அதிகமாக ஊடுருவி, படத்தில் கறுப்பாக விழுமாம். சொத்தை மாதிரியே ஏமாற்றுமாம். "இது ஒண்ணும் இல்ல சார்" என்று அந்தக் கட்டத்தை அழித்துவிட்டார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்த இடம் இதுதான். கட்டத்தைக் காட்டி என்னிடம் இன்னொரு அடைப்புக்குக் காசு வாங்கியிருக்கலாம், எனக்கு என்ன தெரியப் போகிறது?

ரூட் கேனாலைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. ஊசி போட்டார்கள், வலிக்கவில்லை. ஆனால் ஒரு கருவியைச் சொல்லியே ஆக வேண்டும். வேர்க்குழாயின் நீளத்தைத் தெரிந்துகொண்டால்தான் நுனி வரைக்கும் சுத்தம் செய்ய முடியும். தாண்டிப் போனால் எலும்புக்குள் குத்தும், குறைந்தால் கிருமி மிச்சமாகும். என் உதட்டில் ஒரு உலோகக் கொக்கியை மாட்டினார்கள். ஒயரின் இன்னொரு முனையைப் பல்லுக்குள் இறங்கும், ஃபைல் என்கிற மெல்லிய ஊசி அரத்தில் பிடித்தார்கள். ஃபைல் இறங்க இறங்க மீட்டரில் கோடு ஏறுகிறது, நுனியை நெருங்கியதும் பீப் ஓசை மாறுகிறது. வேர் நுனித் திசுவுக்கும் வாயின் ஈரத் தோலுக்கும் இடையே மின்தடை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது என்பதை வைத்துச் செய்த கருவி. ஜப்பானில் 1962இல் சுனாடா என்பவர் இதற்குப் பாதை போட்டாராம். மீட்டர் சொன்ன நீளத்தை நம்பி டாக்டர் வேலையை ஆரம்பித்துவிடவில்லை. ஃபைலை அப்படியே நிறுத்தி ஒரு படம் எடுத்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். இரண்டு வெவ்வேறு வழியில் அளந்து ஒரே எண் வந்தால்தான் எங்கள் கடையிலும் (டூல் ரூமைத்தான் அப்படிச் சொல்வோம்) பீஸை அடுத்த மெஷினுக்கு அனுப்புவோம்.

அடுத்து கேப். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

சில வருடத்துக்கு முன் வேறொரு ஊரில் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ஒரு கேப் போட்டிருந்தேன். இரும்புத் தட்டில் மாவைப் பிசைந்து வாய்க்குள் அமுக்கி, தொண்டை வரைக்கும் வழிந்து, குமட்டி, கண்ணில் தண்ணீர் வந்து ஒரு வழியாக அளவு எடுத்தார்கள். அந்த மாவு ஆல்ஜினேட். ஈரம் உலர உலரச் சுருங்குகிற பொருள். உடனே அதில் கல்லாக இறுகும் ஜிப்சம் கலவையை ஊற்றி மாடல் எடுத்துவிட வேண்டும். அந்த டிரே மதியம் முழுக்க மேஜை மேல் கிடந்ததை நான் பார்த்தேன். கேப் வந்தபோது ஓரத்தில் நகம் மாட்டியது. "போகப் போகப் பழகிடும்" என்றார்கள். பழகியது கேப் இல்லை, கேப்புக்குள் போய்த் தங்கிய சோறுதான். உள்ளே மறுபடி சொத்தை விழுந்து, கடைசியில் அந்தப் பல்லே போயிற்று. இப்போது அங்கே இடைவெளிதான்.

இந்த கிளினிக்கில் டாக்டர் முதலில் பல்லைச் செதுக்கினார். பிறகு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய நூலைச் சுற்றிச் செருகினார். ஈறு கொஞ்சம் விலகி, செதுக்கிய ஓரம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக. ஸ்கேனர் கைக்கு அடக்கமான கோல். நுனியில் கேமரா, வெளிச்சம். பல் வரிசை மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். திரையில் என் பல் துண்டு துண்டாக முளைத்து, ஓட்டை இருந்த இடமெல்லாம் அடைந்து, முழு உருவமாக நின்றது. எதிர் வரிசையையும் எடுத்தார். பிறகு பல்லைக் கடிக்கச் சொல்லி, இரண்டும் பொருந்துகிற விதத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தார். குமட்டல் இல்லை, மாவு இல்லை. எச்சிலை உறிஞ்சும் குழாயை மட்டும் உதவிக்கு இருந்த பெண் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் அந்தக் கேமராவுக்கு வெளிச்சம் படுகிற இடம்தான் தெரியும். எச்சிலோ ரத்தமோ மூடினால் அதையே பல் என்று எடுத்துக்கொள்ளும்.

நான் மனதுக்குள் கைதட்டியது அடுத்து நடந்ததற்கு. திரையில் செதுக்கிய பல்லைப் பெரிதாக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அண்ணத்துப் பக்க ஓரத்தில் ஓர் இடத்தில் நிறுத்தினார். ஓரக் கோடு சீராக வந்து அந்த இடத்தில் மட்டும் லேசாகப் பிசிறடித்திருந்தது. வெறும் கண்ணால் நான் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரிந்திருக்காது. "இதை அப்படியே அனுப்பினா கேப் செய்யற லேப்ல கேட்க மாட்டாங்க சார், குத்துமதிப்பா ஒரு கோடு போட்டுக்குவாங்க" என்று சொல்லி, மறுபடி டிரில்லை எடுத்து அந்த இடத்தை வழித்தார். திரையில் அந்தத் துண்டை மட்டும் அழித்து, அங்கே மட்டும் திரும்ப ஸ்கேன் எடுத்தார். நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை. பழைய முறையில் இதே பிசிறு கல் மாடலில், அதுவும் லேப்காரர் கண்ணில் பட்டால்தான் தெரியும்; அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார்.

ஆகவே போர்டில் எழுதிய டிஜிட்டலுக்கு என் மதிப்பீடு இது: ஸ்கேனர் கை செதுக்கியதைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கை கோணலாகச் செதுக்கினால் கோணலையும் துல்லியமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். திரையை நின்று நிதானமாகப் பார்க்கிற டாக்டரிடம் அது இருந்தால்தான் அதற்குக் கொடுத்த விலை தகும்.

கேப்புக்கும் பல்லுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்று கேட்டேன். 120 மைக்ரான் வரை ஏற்றுக்கொள்ளலாம் என்று 1971இல் வந்த ஓர் ஆய்வைத்தான் இன்றும் எல்லோரும் சொல்கிறார்களாம். நூற்றியிருபது! எங்கள் கடையில் பத்து தள்ளிப்போனாலே சூப்பர்வைசர் முகம் கோணும். டாக்டர் சிரித்துவிட்டு, "உங்க பீஸ் எச்சில்ல கிடக்காது, ஈறு ரத்தம் வராது, நடுவுல தும்மாது சார்" என்றார். சரிதான். இன்னொன்றும் சொன்னார். ஒன்றிரண்டு பல்லுக்கு ஸ்கேனர் மிக நன்றாக வேலை செய்யும். முழு வரிசையையும் ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை எடுத்தால், படத்தோடு படத்தை ஒட்டிக்கொண்டே போவதால் பிழையும் சேர்ந்துகொண்டே போகுமாம். ஒரு டைமென்ஷனை அடுத்ததிலிருந்து, அதை அதற்கடுத்ததிலிருந்து என்று தொடர்ச்சியாக அளந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஸ்கேன் ஃபைல் போன லேப் ஓசூரில்தான், ராயக்கோட்டை ரோடு பக்கம் என்று தெரிந்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கி, ஷிஃப்ட் முடிந்து போய் நின்றேன். சின்ன இடம். மில்லிங் மெஷின் ஒரு ஃபிரிட்ஜ் அளவுகூட இல்லை. எங்கள் கடை மெஷின் பக்கத்தில் அது பேரப்பிள்ளை. 98 மில்லிமீட்டர் விட்டத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு ஜிர்கோனியா வட்டு, அதை வளையத்தில் இறுக்கிப் பூட்டுகிறார்கள். சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் கிடையாது, காய்ந்த மில்லிங். வேக்வம் ஒன்று தூளை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. கட்டர் முனை குண்டூசித் தலை அளவு. ஒரே வட்டுக்குள் ஏழெட்டுப் பேருடைய பற்களை நெருக்கி அடுக்கி புரோகிராம் போட்டிருந்தார்கள். மெட்டீரியல் வீணாகாமல் லேஅவுட் போடுகிற வித்தை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

லேப்பில் வேலை பார்க்கிற தம்பி வட்டிலிருந்து என் பல்லைக் காம்போடு வெட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்தார். எனக்கு வந்த முதல் சந்தேகம், ஃபைல் மாறிவிட்டதோ என்பது. அவ்வளவு பெரிசு. தொட்டால் சுண்ணாம்புபோல விரலில் ஒட்டுகிறது. "இது இன்னும் வேகல அண்ணா" என்றார். முழுசாகச் சுட்ட ஜிர்கோனியாவைக் கடைந்தால் கட்டர் தாங்காது. அதனால் அரைவேக்காட்டு நிலையில் கடைந்து, பிறகு 1500 டிகிரி வாக்கில் சூளையில் ராத்திரி முழுக்கச் சுடுகிறார்கள். அதில் அளவு ஐந்தில் ஒரு பங்கு போலச் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை வட்டு தயாரித்த கம்பெனி அந்தந்த லாட்டுக்கு அளந்து வட்டின் மேலேயே எண்ணாக அச்சடித்திருக்கிறது. புரோகிராம் அந்த எண்ணால் பல்லைப் பெருக்கிப் பெரிதாகக் கடைகிறது. உலோகம் வார்க்கிற ஃபவுண்டரியில் அச்சுக்குப் பேட்டர்ன் செய்கிறவர்கள் சுருக்கத்துக்கு அளவைக் கூட்டி அலவன்ஸ் விடுவார்களே, அதேதான். ஆனால் அங்கே ஒன்றிரண்டு சதவீதத்தோடு முடிந்துவிடும். இங்கே ஐந்தில் ஒன்று சுருங்கியும் ஓரம் மைக்ரான் கணக்கில் வந்து உட்கார வேண்டும். அந்த எண்ணைத் தப்பாக ஏற்றினால் வட்டு முழுக்கக் குப்பை. இதைக் கேட்டதும் அந்தத் தம்பி மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

சுட்டு எடுத்த பிறகு அது கல். விரிசல் விட ஆரம்பிக்கிற இடத்தில் ஜிர்கோனியா படிகங்கள் உருமாறிக் கொஞ்சம் பெருத்து விரிசலின் வாயை நெரித்துவிடும். அதனால்தான் பீங்கான் வகையில் இதற்கு இவ்வளவு உறுதி. வெளிச்சம் ஊடுருவுகிற ரகம் பார்க்க அழகு, ஆனால் அதில் இந்த உருமாற்றம் குறைவு, உறுதியும் குறைவு. சிரித்தால் தெரிகிற பல் என்பதால் எனக்கு ஊடுருவும் ரகம். கடைவாய்க்கு என்றால் உறுதியான ரகத்தையே கொடுத்திருப்பேன் என்றார் டாக்டர். நீங்கள் போனால் எந்த ரகம் என்று கேளுங்கள். 'ஜிர்கோனியா' என்று மட்டும் சொன்னால் போதாது.

இனி நிறம். கம்ப்யூட்டர் இங்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. டிரில்லை எடுப்பதற்கு முன்பே, நான் வந்து உட்கார்ந்ததும் டாக்டர் முதலில் செய்தது நிறம் பார்ப்பதுதான். வாய் திறந்தபடி இருந்து பல் உலர்ந்துவிட்டால் வெளுத்துக் காட்டுமாம். பதினாறு நிறப் பற்கள் வரிசையாகக் கோத்த பழைய காலத்து ஷேட் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் என் பல்லோடு சேர்த்துப் பிடித்தார். அட்டையில் ஏ3, ஏ3.5 என்று எண் போட்ட நிறங்களுக்கு நடுவில். ஆனால் அந்தப் பதினாறில் எங்கள் ஊர்ப் பல் கிடையாது. கழுத்துப் பக்கம் பழுப்புப் பட்டை, நடுவில் வெள்ளைத் திட்டு, நுனியில் வேறு நிறம். ஸ்கேனரும் தன் பங்குக்கு ஒரு நிறம் சொன்னது. அதை டாக்டர் கண்டுகொள்ளவில்லை. ஷேட் அட்டையைப் பக்கத்தில் பிடித்தபடி போட்டோ எடுத்து, மேலே விரலால் கோடு போட்டு, 'இங்கே பழுப்பு, இங்கே வெள்ளை' என்று எழுதி லேப்புக்கு அனுப்பினார்.

கூட வந்திருந்த என் மனைவி, "என்னங்க, புதுசா செய்யறதை வெள்ளையாவே செய்யச் சொல்லக் கூடாதா, எதுக்கு அழுக்கையும் காசு குடுத்து வாங்கறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. ஒரே ஒரு பல் மட்டும் வெள்ளையாக இருந்தால் மற்றதெல்லாம் இன்னும் பழுப்பாகத் தெரியும் என்று டாக்டர் விளக்கியதும், "அப்ப செய்யுங்க" என்று விட்டுவிட்டார். லேப்பில் அந்தத் தம்பி மூன்றே மயிர் இருக்கிற பிரஷ்ஷால் என் போட்டோவைப் பார்த்துப் பார்த்துப் பழுப்பைத் தீட்டிக்கொண்டிருந்ததை நின்று வேடிக்கை பார்த்தேன். அஞ்சு ஆக்சிஸ் மெஷின், 1500 டிகிரி சூளை எல்லாம் தாண்டி வந்த பீஸ். கடைசியில் பாப்பாரப்பட்டிப் போர் தண்ணீர் வரைந்த கோட்டை ஒருவர் உட்கார்ந்து கையால் திரும்ப வரைந்தால்தான் அது என் பல். இன்று வரை அது எந்தப் பல் என்று கம்பெனி பஸ்ஸில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பந்தயம்கூட வைத்துப் பார்த்தேன்.

மாட்டுகிற அன்று கேப் முதல் தடவையே உட்கார்ந்தது. பக்கத்துப் பல்லோடு ஒரு பக்கம் கொஞ்சம் இறுக்கம். நூல் விட்டுப் பார்த்து லேசாகத் தேய்த்தார். நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். 40 மைக்ரான் தாள். இடைவெளி அளக்கிற எங்கள் ஃபீலர் கேஜில் அதே தடிமனுக்கு ஒரு இலை இருக்கும். நீலம் பட்ட இடத்தைத் தேய்த்து, மறுபடி கடிக்கச் சொல்லி, மறுபடி தேய்த்து, கடைசியில் ரப்பர் சக்கரத்தால் கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏற்றினார். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லை அது அரம்போல அராவிவிடும். அவசரப்படுகிற இடங்களில் இந்தப் பாலிஷைத்தான் விட்டுவிடுகிறார்கள் என்று லேப் தம்பி சொல்லியிருந்ததால் நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டிய பிறகு ஒரு ஆர்.வி.ஜி. எடுத்து ஓரத்தைக் காட்டினார். கேப்பும் பல்லும் சேருமிடத்தில் படிபோல மேடு பள்ளம் தெரியவில்லை. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், மாட்டவில்லை.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம். பில்லில் ரூட் கேனால் 4,500, கேப் 9,000, அதற்குக் கீழே 'ஸ்கேன் சார்ஜ் 500'. ஐந்நூறு பெரிய தொகை இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லவில்லை. கேப் விலைக்குள் அளவெடுப்பது அடங்காதா? சட்டை தைக்கிறவர் டேப் பிடித்ததற்குத் தனியாகவா வாங்குகிறார்? இரண்டாவது, என் ஸ்கேன் ஃபைலைக் கேட்டேன். பல்லின் முப்பரிமாண வடிவம் இருக்கிற எஸ்.டி.எல். ஃபைல், மெயிலில் போட்டால் முடிந்தது. வரவேற்பில் இருந்த பெண் நான் ஏதோ கிட்னியைக் கேட்டதுபோல விழித்தார். "அதெல்லாம் குடுக்கறதில்லைங்க சார்" என்றார். நாளை கேப் உடைந்து, நான் வேறு ஊரில் இருந்தால், பல் மாறாமல் இருக்கிற வரை அதே ஃபைலை வைத்து இன்னொன்று கடைந்துகொள்ளலாமே. டாக்டரிடம் நேரில் கேட்டதும் அன்று மாலையே அனுப்பிவிட்டார். ஆனால் கேட்கத் தெரியாதவர்களுக்குக் கிடைக்காது இல்லையா? எக்ஸ்ரே படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், அது அமுங்கி மங்கலாக வந்தது. அதையும் மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேப்புக்கு வாரன்டி கார்டு தருகிறார்கள். அதில் லேப் பெயரும் நம்பரும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். எனக்கு நம்பர் எழுதாமல் கொடுத்து, திரும்பப் போய் எழுதி வாங்கினேன்.

காத்திருப்பும் உண்டு. அப்பாயின்ட்மென்ட் நேரம் என்பது அவர்கள் அகராதியில் ஒரு நல்லெண்ணம், அவ்வளவுதான்.

நல்லதில் ஒன்றை விட்டுவிட்டேன். எங்கள் கடையில் ஒரு பையன் வேறொரு ஊரில் சாதாரணச் சொத்தைக்குப் போனதற்கு, 3டி ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். சி.பி.சி.டி. என்கிற அந்த ஸ்கேன் உண்மையிலேயே பெரிய சங்கதி. எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல்லான இம்பிளான்ட் வைக்க எலும்பு எவ்வளவு இருக்கிறது, ஞானப்பல்லின் வேர் நரம்பை ஒட்டியிருக்கிறதா, ரூட் கேனாலில் வேர் ஏடாகூடமாக வளைந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்க அது மிகவும் உதவும். ஆனால் சின்ன எக்ஸ்ரேயைவிடக் கதிர்வீச்சு பல மடங்கு, காசும் அப்படித்தான். இங்கே என்னிடம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. போன கீழ்ப்பல்லுக்கு இம்பிளான்ட் வைக்க வந்தால் அப்போது எடுக்கலாம் என்றார்கள்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வருகிறது. அவளுக்கும் முன்பற்களில் லேசான பழுப்பு. பெங்களூரில் ஒரு இடத்தில் 'ஸ்மைல் டிசைன்' என்று அவள் போட்டோவிலேயே சினிமா நடிகை பல்லை ஒட்டிக் காட்டி, மேல் வரிசையைச் சீவி, வெனீர் என்கிற மெல்லிய பல் ஓடு ஒட்ட ஒரு தொகை சொல்லியிருந்தார்கள். இந்த டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா சீவின எனாமல் திரும்ப முளைக்காது" என்றார். அமிலமும் சொரசொரப்பான பவுடரும் கலந்த பசையால் மேல்தோலை மட்டும் மெலிதாகத் தேய்த்தெடுத்து, அப்புறம் பிளீச் செய்து பார்ப்போம், போதவில்லை என்றால் மற்றதைப் பேசலாம் என்று ஆரம்பித்திருக்கிறார். பழுப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. அவளுக்கு இப்போதைக்கு அதுவே திருப்தி.

அம்மாவை அழைத்துப் போனதுதான் எனக்கு ஆச்சரியம். வாயில் ஒரு பல்கூட இல்லை, முழு செட் வேண்டும். ஸ்கேனர் இருக்கிறதே, அம்மாவுக்கு மாவு தொல்லை இல்லை என்று தைரியம் சொல்லி அழைத்துப் போனேன். டாக்டர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. பல் இல்லாத ஈறு மெத்தென்று அசையும். பேசும்போது, விழுங்கும்போது கன்னமும் நாக்கும் எவ்வளவு இழுக்கும் என்பது கேமராவுக்குத் தெரியாது என்றார். பச்சை நிறக் குச்சி ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் உருக்கி, டிரே ஓரத்தில் தடவி, வெந்நீரில் முக்கி, வாயில் வைத்து, "பாட்டி, உதட்டைக் குவிங்க... நாக்கை நீட்டுங்க... ஈன்னு சொல்லுங்க" என்று கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் பிடித்தார். அம்மா முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தார். களி தின்ன முடியுமா என்று மட்டும் கேட்டார். "களிக்குப் பல்லே வேணாமே பாட்டி, கடலை தின்ன வைக்கறேன்" என்றார் டாக்டர். அடுத்து மெழுகில் பல் அடுக்கிப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்.

ஒரே கஷ்டம், லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. வயதானவர்களை அழைத்து வருகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்தால் கீழேயிருந்து கைத்தாங்கலாக ஏற்றிவிட ஆள் அனுப்புகிறார்கள். வண்டியை மருந்துக்கடை வாசலில் விடாதீர்கள், அந்தக் கடைக்காரர் பூட்டுப் போட்டுவிடுவார். ஞாயிறு மதியம் வரைதான். காலையில் முதல் ஆளாகப் போனால் காத்திருக்க வேண்டாம்.